மனக்காயமும் மென்மூச்சும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன் செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையை வாசித்தார்கள். பைத்துல்மாலிலிருந்து மருத்துவ உதவி பெற்றோரின் விவரமும் அதில் இடம்பெற்றிருந்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை, சிறுநீரகக் கோளாறு, இருதய அடைப்பு, எலும்பு முறிவு, பிரசவச் செலவு என்று அப்பட்டியல் நீண்டது. அல்ஹம்து லில்லாஹ்! கொடுத்த கைகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆயினும் அப்பட்டியலில் ஒன்று மட்டும் இல்லாதிருந்ததை நாம் கவனித்தோம். மனத்தின் நோய்க்கென்று ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை.

நமது மஹல்லாவில் மனம் நொந்தவரே இல்லை என்பதா இதன் பொருள்? அப்படியானால் மகிழ்ச்சியே. ஆனால் உண்மை அதுவன்று என்பதை நீங்களும் அறிவீர்கள், நாமும் அறிவோம். கால் ஒடிந்தவர் ஊரறிய ஒடிந்ததென்று சொல்கிறார். உள்ளம் ஒடிந்தவர் வாய் திறப்பதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்களோ, ஈமான் குறைந்தவர் என்பார்களோ, வீட்டில் திருமணத்திற்கு நிற்கும் பெண்ணின் சம்பந்தம் தட்டிப்போகுமோ என்று அஞ்சுகிறார். ஆகவே இன்று நாம் இந்த மௌனத்தைப் பற்றியும், அந்த நோவைத் தணிக்க அல்லாஹ் நம் ஒவ்வொருவரின் நெஞ்சிலும் வைத்திருக்கும் எளிய சாதனமாகிய மூச்சைப் பற்றியும் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

கடல் வடிந்தது, அச்சம் வடியவில்லை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா தீவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் பேரலை நமது கரையைத் தொட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 உயிர்கள் பறிபோயின. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி என்று ஒவ்வொரு பெயரைச் சொல்லும்போதும் நம்மில் பலருக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும். அன்று சாதி, மதம் பாராமல் அனைவரும் ஓடினார்கள். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் கரையோர மக்களுக்கு உணவும் ஒதுங்க இடமும் கொடுத்ததை நாடே பேசியது.

அன்று பிறந்த குழந்தைகள் இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். வீடுகள் எழும்பின, படகுகள் வந்தன, சாலைகள் போடப்பட்டன. ஆனால் உள்ளங்கள்? 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, காற்றின் இரைச்சலைக் கேட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியவர்கள் எத்தனை பேர்! புயலுக்கு மாடி பாதுகாப்பன்று என்று அவர்களுடைய அறிவுக்குத் தெரியும். எனினும் அவர்களுடைய கால்கள் 2004ஆம் ஆண்டிலேயே நின்றுகொண்டிருந்தன.

கடலை விடுங்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா வந்தது. தந்தையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமலும், மய்யித்தைத் தம் கையால் குளிப்பாட்ட முடியாமலும் போன பிள்ளைகள் உண்டு. நெடுஞ்சாலை விபத்தில் தாம் மட்டும் பிழைத்து, உடன் வந்தவர்களைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. வளைகுடா நாட்டிலிருந்து பெட்டியில் வந்த கணவரின் உடலைப் பெற்றுக்கொண்ட இளம் பெண்கள் உண்டு. வீட்டிற்குள்ளேயே அடியும் உதையும் பட்டு, வெளியே சொல்லாமல் வாழ்பவர்களும் உண்டு. மறைத்துப் பயன் இல்லை.

இவர்களிடம் காணப்படும் குறிகள் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். உறக்கம் வராது, வந்தால் கெட்ட கனவில் அலறி எழுவார்கள். கதவு அறைந்தால் உடல் தூக்கிவாரிப் போடும். நடந்தது மீண்டும் கண்முன் நடப்பது போலத் தோன்றும். அவ்விடத்தின் பக்கமே போகமாட்டார்கள். காரணமின்றிக் கோபம் வரும். அல்லது மரத்துப்போய், பெற்ற பிள்ளை சிரித்தால்கூட மகிழ்ச்சி வராது. பேரதிர்ச்சிக்குப் பின் ஏற்படும் இந்நிலை மாதக்கணக்கில் நீடிக்குமானால் அதனை மருத்துவர்கள் ஒரு நோயாகவே கருதுகின்றனர். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதனைத் தனது நோய்ப் பட்டியலில் முறையாகச் சேர்த்தது. பெயர் புதியது; துன்பம் ஆதம் மக்களைப் போலவே பழையது.

இது ஈமானின் குறைவா?

‘தொழுகை இருந்தால் இதெல்லாம் வருமா?’ என்று கேட்பவர்களை நாம் சந்தித்திருக்கிறோம். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவோம். யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் கண்ணொளி மங்கும்வரை அழுதார்கள். நமது நபி (ஸல்) அவர்கள் அன்பு மனைவியார் கதீஜா (ரலி) அவர்களையும் பெரிய தந்தையார் அபூதாலிபையும் இழந்த ஆண்டு, வரலாற்றில் துயர ஆண்டு என்றே பெயர் பெற்றது. குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது நபியவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. நபிமார்களுக்கே வந்த துயரம் நமக்கு வந்தால் அதனை ஈமானின் குறைவு என்று சொல்ல நாம் யார்?

நம் முன்னோர்களாகிய அறிஞர்கள் இவ்விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ அவர்கள் உடல்நலமும் உளநலமும் பற்றி ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலை எழுதினார்கள். அதன் ஒரு பகுதி உடலுக்கு, மறு பகுதி உள்ளத்திற்கு. கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் கூறினார்கள். உடலும் உள்ளமும் இணைந்தவை. ஒன்று நோயுற்றால் மற்றொன்றும் துன்புறும் என்பது அவர்களுடைய கொள்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் நூலகங்களில் இருந்த அறிவு, இன்று நம் வீடுகளில் இல்லாமல் போனதுதான் வருத்தத்திற்குரியது.

மூச்சுக்கு இரண்டு சாவிகள்

இனி மூச்சின் விஷயத்திற்கு வருவோம். ஆபத்து வரும்போது உடல் என்ன செய்கிறது? இருதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேல்நெஞ்சில் குறுகி விரைகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, வாய் உலர்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடலை ஆயத்தப்படுத்தும் இவ்வேலையைப் பரிவு நரம்புகள் செய்கின்றன. ஆபத்து நீங்கியதும் எதிர்ப்பரிவு நரம்புகள் உடலைப் பழைய அமைதிக்குக் கொண்டுவருகின்றன. வீட்டில் தீப்பிடித்தால் மணி அடிக்க வேண்டும். தீ அணைந்தால் மணி நிற்க வேண்டும். பேரதிர்ச்சிக்கு உள்ளானவரிடம் தீ அணைந்த பின்னும் மணி நிற்பதில்லை. தோசைக்கல்லில் புகை எழுந்தாலும் அது ஊரையே எழுப்பிவிடுகிறது.

அவரிடம் ‘பயப்படாதே’ என்று ஆயிரம் முறை சொல்லுங்கள், மணி நிற்காது. ஏனெனில் இருதயத்தை மெதுவாக அடி என்று நம்மால் நேரே கட்டளையிட முடியாது. இரைப்பையையும் வியர்வையையும் நிறுத்த முடியாது. இவையெல்லாம் நம் விருப்பத்திற்கு அப்பாற்பட்டு இயங்குபவை. ஆனால் மூச்சு அப்படியன்று. நாம் உறங்கும்போது அது தானே இயங்குகிறது. விழித்திருக்கும்போது நாம் விரும்பினால் அதனை மெதுவாக்கலாம், நீட்டலாம். ஒரே பூட்டுக்கு இரண்டு சாவிகள் கொடுத்தது போல, மூச்சின் ஆட்சியில் நமக்கும் ஒரு பங்கைப் படைத்தவன் கொடுத்திருக்கிறான்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இருதயத் துடிப்பு சற்றே கூடுகிறது. வெளியே விடும்போது சற்றே குறைகிறது. இது நலமுள்ள ஒவ்வொருவரிடமும் நிகழ்வது. மூளையிலிருந்து இருதயத்திற்கும் வயிற்றிற்கும் இறங்கும் வேகஸ் என்னும் நரம்பு இதில் பெரும்பங்கு வகிக்கிறது. எனவே வெளிமூச்சை மென்மையாக நீட்டினால், உடலை அமைதிப்படுத்தும் நரம்புகளுக்கு நாம் வேலை கொடுக்கிறோம். ஓய்வில் இருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அதனை ஆறு முறை அளவுக்கு மெதுவாக்கும்போது இருதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒன்றோடொன்று இசைந்து இயங்குவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றனர்.

2001ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. கத்தோலிக்கர்களின் ஜெபமாலையை லத்தீன் மொழியில் ஓதும்போதும், பௌத்தர்களின் மந்திரத்தை ஓதும்போதும், ஓதியவர்களின் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறையாகக் குறைந்ததை அவர்கள் கண்டார்கள். வெவ்வேறு சமயங்கள், வெவ்வேறு மொழிகள். மூச்சு மட்டும் ஒன்றே. மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இது வியப்பாக இராது. நீண்ட மத்தை இழுத்து, வக்ஃபு செய்யும் இடம்வரை ஒரே மூச்சில் நிதானமாக ஓத ஆசிரியர் பழக்குவார். அப்போது வெளிமூச்சு தானே நீண்டுவிடும். ஓதி முடித்தபின் நெஞ்சு இலேசாவதில் அருளும் உண்டு, அதனுடன் உடலின் ஒழுங்கும் உண்டு. இரண்டையும் வைத்தவன் ஒருவனே.

நாகப்பட்டினத்திலும் கொசோவோவிலும்

இது வெறும் ஏட்டுச் சொல்லன்று. சுனாமிக்குப் பின் நமது நாகப்பட்டினத்து முகாம்களிலேயே இது சோதித்துப் பார்க்கப்பட்டது. முகாம்களில் வாழ்ந்த, அதிர்ச்சியின் குறிகள் கடுமையாக இருந்த 183 பேரை ஆய்வாளர்கள் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு மொத்தம் எட்டு மணி நேர மூச்சுப் பயிற்சி அளித்தார்கள். இரண்டாவது பிரிவினருக்கு மூச்சுப் பயிற்சியுடன், நடந்ததை ஒருவர் துணையோடு நினைவுகூர்ந்து ஆறும் சிகிச்சையும் அளித்தார்கள். மூன்றாவது பிரிவினரை ஆறு வாரம் காத்திருக்கச் செய்து ஒப்பிட்டார்கள். ஆறு வார முடிவில் மூச்சுப் பயிற்சி பெற்ற இரு பிரிவினரிடமும் அச்சமும் சோர்வும் வெகுவாகக் குறைந்திருந்தன. காத்திருந்தவர்களிடம் அத்தகைய குறைவு இல்லை. 2010ஆம் ஆண்டில் இம்முடிவு ஒரு மனநல மருத்துவ இதழில் வெளியாயிற்று.

நாம் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொல்லலாகாது. இதில் ஆட்களைத் தனித்தனியே குலுக்கிப் பிரிக்கவில்லை. முகாம் முகாமாகவே பிரித்தார்கள். ஆகவே இது இறுதித் தீர்ப்பன்று. எனினும் கடல் கொண்டுபோனவர்களை எண்ணி உறங்காதிருந்த நம் அண்டை வீட்டார், மூச்சின் வழியாகச் சிறிது ஆறுதல் கண்டார்கள் என்பது நாம் மதிக்கத்தக்க செய்தி.

கடல் அல்லாமல் போரினால் காயமுற்றோரிடமும் இதற்குச் சான்று உண்டு. ஐரோப்பாவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கொசோவோவில் 1998, 1999ஆம் ஆண்டுகளில் போர் நடந்தது. வீடுகள் எரிந்தன; குடும்பத்தார் கண்முன்னே கொல்லப்பட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஜேம்ஸ் கார்டனும் அவருடைய குழுவினரும் அங்குள்ள பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வயிற்றைத் தளர்த்தி மெல்ல மூச்சு விடுவது, படம் வரைந்து உள்ளதைச் சொல்வது, சிறு குழுவாக அமர்ந்து பேசுவது என்று 12 அமர்வுகள். அதிர்ச்சி நோய்க்கு ஆளாகியிருந்த 82 மாணவர்களிடம் செய்த ஆய்வு 2008ஆம் ஆண்டில் வெளியானது. நோயின் குறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. மூன்று மாதம் கழித்தும் அப்பயன் நிலைத்திருந்தது. நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர், அப்பிள்ளைகளின் சொந்த ஆசிரியர்களே என்பதை நமது மத்ரஸா உஸ்தாதுகள் கவனிக்க வேண்டும்.

செய்யும் முறை

இனி முறையைக் கூறுகிறோம். இது மிக எளிது. எளிதாக இருப்பதாலேயே அலட்சியமாகச் செய்துவிடக் கூடாது.

முதலாவது, இடம். கதவுக்கு முதுகு காட்டாமல், சுவரில் சாய்ந்தோ நாற்காலியிலோ வசதியாக உட்காருங்கள். பாதங்கள் தரையில் பதியட்டும். கண்ணை மூடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதிர்ச்சிக்கு உள்ளான பலருக்குக் கண்ணை மூடினால்தான் அந்தக் காட்சி வரும். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்து, பாயின் ஓரத்தையோ எதிரிலுள்ள செடியையோ பார்த்திருக்கலாம்.

இரண்டாவது, கை. ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூச்சை மூக்கின் வழியாக மெல்ல உள்ளே எடுங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் உள்ள உதரவிதானம் கீழிறங்குவதால், வயிறு சற்றே முன்வந்து கையைத் தொடும். நெஞ்சு நிறைய இழுக்க வேண்டாம். வழக்கமான அளவே போதும்.

மூன்றாவது, வெளிமூச்சு. சூடான தேநீரை ஊதி ஆற்றுவது போல, உதட்டைக் குவித்து மெல்ல விடுங்கள். உள்ளே எடுக்க மனத்தில் நான்கு எண்ணினால், வெளியே விட ஆறு எண்ணலாம். நான்கும் ஆறும் பத்து. நிமிடத்திற்கு ஆறு மூச்சு. அவ்வளவு நீளம் இயலாதவர் மூன்றும் நான்குமாக எண்ணட்டும். எண்ணிக்கைக்கு மூச்சு வரவேண்டும் என்று நிர்ப்பந்தம் செய்யாதீர்கள். மூச்சுக்கு ஏற்ப எண்ணிக்கையைச் சுருக்குங்கள். இடையில் மூச்சை அடக்கி நிறுத்த வேண்டாம்.

நான்காவது, அளவு. தொடக்கத்தில் ஐந்தாறு மூச்சு போதும். பழகியபின் காலையில் ஐந்து நிமிடம், உறங்கும் முன் ஐந்து நிமிடம் செய்யலாம். அச்சம் வந்தபின் தேடுவதைவிட, அமைதியாக உள்ள நேரத்தில் பழகிவைப்பதே சிறந்தது. நீந்தத் தெரியாதவன் வெள்ளம் வந்த அன்று நீந்தப் பழக முடியாது அல்லவா?

குழந்தைகளுக்கு எண்ணிக்கை வேண்டாம். சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள். பெரிய குமிழி வர வேண்டுமானால் மெதுவாக ஊத வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

மென்மை ஏன் வேண்டும்?

மென்மூச்சு என்று நாம் சொன்னதில் ‘மென்’ என்பதே முதன்மையானது. இதில் தவறினால் மருந்தே நோயாகும். அதிர்ச்சிக்கு உள்ளான சிலருக்குத் தம் மூச்சைக் கவனிப்பதே அச்சம் தரும். நீரில் மூழ்கித் தப்பியவருக்கு மூச்சு என்றாலே அந்த நீர்தான் நினைவுக்கு வரும். அப்படிப்பட்டவரை வற்புறுத்தக் கூடாது. அவர் மூச்சை விட்டுவிட்டு, பாதம் தரையைத் தொடுவதையோ, கையில் உள்ள குளிர்ந்த தண்ணீர்க் குவளையையோ கவனிக்கட்டும். தஸ்பீஹ் மணியை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு நகர்த்தட்டும். மூச்சு பின்னால் வரும்.

வேகமாகவும் ஆழமாகவும் தொடர்ந்து மூச்சு விட்டால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்து, தலை சுற்றும்; விரல் நுனி மரத்துக் குத்தும்; நெஞ்சு அடைப்பது போல இருக்கும். ஏற்கெனவே பயந்திருப்பவர் சாகப்போகிறோம் என்றே எண்ணிவிடுவார். நாகப்பட்டினத்து ஆய்வில் வேக மூச்சு முறைகளும் இருந்தன. ஆனால் அவை பயிற்சியாளரின் முன்னிலையில் நடந்தவை. வீட்டில் நாமாகச் செய்வதற்கு அவை ஏற்றவையல்ல. தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுச் செய்வது நல்லது.

சில ஐயங்கள்

‘இது யோகா அல்லவா, நமக்கு ஆகுமா?’ என்று சிலர் கேட்கிறார்கள். மூச்சு எந்தச் சமயத்தாரின் சொத்தும் அன்று. வேற்று வணக்கத்தின் சொற்களோ சைகைகளோ கலவாமல், உடலின் அமைதிக்காக மூச்சை மெதுவாக விடுவது, முழங்கால் வலிக்குக் காலை நீட்டி மடக்குவது போன்றதே. அந்நேரம் உள்ளத்தில் திக்ரு இருந்தால் அது மேலும் நன்மை. திக்ரு செய்யும் நிலையில் மனம் இல்லை என்றால், வெறும் எண்ணிக்கையோடு செய்வதில் குற்றம் ஒன்றும் இல்லை.

‘துஆ போதாதா?’ என்பார்கள் வேறு சிலர். துஆ வேண்டும், ஆனால் துஆவின் பெயரால் மருத்துவத்தை மறுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நமது தமிழ்நாடு கண்ணீரோடு கற்றிருக்கிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே. பின்னர் ஏர்வாடியில் துஆவுடன் மருந்தும் கிடைக்க வழி செய்யப்பட்டது. அந்த அறிவு அந்தத் தீக்கு முன்பே நமக்கு வந்திருக்க வேண்டாமா?

மூன்றாவது ஐயம்: ‘மூச்சே போதுமானால் மருத்துவர் எதற்கு?’ போதாது என்பதே நமது பதில். மூச்சு மணியின் ஓசையைத் தணிக்கும், அவ்வளவே. ஓசை தணிந்தால் நோயாளி உறங்குவார், உண்பார், பேசுவார், பிறர் சொல்வதைக் கேட்பார். அதன்பின் காயத்திற்கு முறையான சிகிச்சை செய்ய இயலும். இந்நோய்க்கென்று பேச்சுவழிச் சிகிச்சைகள் உண்டு. தேவைப்படுவோருக்கு மருந்தும் உண்டு. ஒரு மாதத்திற்கு மேல் குறிகள் நீடித்தாலோ, வேலைக்கும் வீட்டிற்கும் பயன்படாமல் போனாலோ, போதையை நாடினாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அவரைத் தனியே விடவும் கூடாது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஜமாஅத்தின் கடமை

இனி ஜமாஅத்தார் என்ற முறையில் நமக்குரியதைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று: துக்க வீட்டிற்குச் செல்லும்போது ‘எப்படி நடந்தது, கடைசியாக என்ன சொன்னார், நீ எங்கே நின்றாய்?’ என்று துருவித் துருவிக் கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். அதிர்ச்சியில் இருப்பவரை நடந்ததையெல்லாம் உடனே சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும் ஆகும். அவரே சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். சொல்லாவிட்டால் சும்மா பக்கத்தில் அமர்ந்திருங்கள். ஒரு கோப்பை கஞ்சியும், அவசரமில்லாத மூச்சோடு அருகில் இருக்கும் ஒரு மனிதரும் பல சொற்பொழிவுகளைவிட மேலானவை.

இரண்டு: ‘ஸப்ரு செய்’ என்ற சொல்லை வாயடைக்கும் துணியாக்காதீர்கள். ஸப்ரு என்பது வலி இல்லாமை அன்று, வலியோடு நிற்பது. நிற்க முடியாதவருக்குத் தோள் கொடுக்காமல் ‘நில்’ என்று மட்டும் சொல்வது நீதியன்று.

மூன்று: பைத்துல்மாலின் மருத்துவ உதவி விண்ணப்பத்தில் மனநலச் சிகிச்சை என்ற ஒரு வரியைச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். விண்ணப்பிப்பவரின் பெயர் ஆண்டறிக்கையிலோ அறிவிப்புப் பலகையிலோ வரக்கூடாது. தலைவர், செயலாளர், மருத்துவர் ஆகிய மூவருக்கு மேல் அது தெரிய வேண்டியதில்லை.

நான்கு: மத்ரஸா உஸ்தாதுகளும், பெண்கள் பகுதியைக் கவனிக்கும் ஆலிமாக்களும் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை அழைத்து ஒரு நாள் பயிற்சி பெறட்டும். சுனாமிக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் சாதாரண சமூகப் பணியாளர்களுக்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள். நம்மாலும் இயலும்.

சகோதரர்களே! ஒருவர் விபத்தில் அடிபட்டால் ஆட்டோ பிடிக்க ஓடும் ஊர் இது. அந்த ஓட்டத்தில் பாதியையாவது உள்ளத்தில் அடிபட்டவருக்காக ஓடுவோம். அவருக்கு உடனே நாம் கொடுக்கக்கூடியது சிறியதே: அவசரப்படுத்தாத துணை, குற்றஞ்சாட்டாத காது, மெல்ல விட்டு மெல்ல எடுக்கும் ஐந்தாறு மூச்சு. அச்சிறியதிலிருந்து பெரிய குணத்தைத் தர வல்லவன் அல்லாஹ்.

இவ்வாண்டு யாருக்கேனும் உறக்கம் வரவில்லை என்றால், நெஞ்சு காரணமின்றிப் படபடக்கிறது என்றால், இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் அறையில் நாம் இருப்போம். கதவு திறந்திருக்கும். பெண்கள் தம் வீட்டாருடன் வரலாம், ஆலிமாக்கள் வழியாகவும் தெரிவிக்கலாம். கேட்டது அந்த அறையை விட்டு வெளியே போகாது. நம்மால் ஆனதைச் செய்வோம். ஆகாததற்கு மருத்துவரிடம் நாமே உடன் வருவோம்.

காயம்பட்ட உள்ளங்கள் அனைத்திற்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக. அடுத்த ஆண்டறிக்கையில் அந்த ஒரு வரியும் இடம்பெறச் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.